நெபுலைசர் வகைகள்: ஆஸ்துமா நோயாளிகளுக்கு எது ஏற்றது?

நெபுலைசர் என்பது திரவ மருந்தை நுண்துளிகளாக மாற்றி மூச்சுக்குழாய்களுக்குள் செலுத்தும் கருவியாகும். துளிகள் 1 முதல் 5 மைக்ரான் அளவில் இருந்தால்தான் மருந்து சிறிய மூச்சுக்குழாய்களைச் சென்றடையும். அதைவிடப் பெரிய துளிகள் வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடும்.

மூன்று வகைகள்

ஜெட் (கம்ப்ரசர்) வகை: அழுத்தப்பட்ட காற்றினால் மருந்தைத் துளிகளாக்குகிறது. விலை குறைவு, சால்பியூட்டமால், பியூடிசோனைடு ஆகிய இரண்டையும் இதில் செலுத்தலாம். இரைச்சல் உண்டு. ஒரு முறை மருந்து செலுத்த ஏறத்தாழ 10 நிமிடங்கள் ஆகும். பெரும்பாலான கருவிகள் மின் இணைப்பின்றி இயங்கா.

அல்ட்ராசோனிக் வகை: அதிவேக அதிர்வினால் துளிகளை உருவாக்குகிறது. ஓசை குறைவு. ஆயினும், பியூடிசோனைடு போன்ற கலங்கல் மருந்துகளுக்கு இது ஏற்றதன்று.

மெஷ் வகை: நுண்துளைகள் கொண்ட அதிரும் தகட்டின் வழியே மருந்து வெளிவருகிறது. கையடக்கமானது, பேட்டரியில் இயங்குவதால் மின்தடையின்போதும் பயன்படும். விலை அதிகம். சரியாகக் கழுவாவிடில் துளைகள் அடைபடும்.

வாங்குவதற்கு முன்

ஆஸ்துமா உள்ள அனைவருக்கும் வீட்டில் நெபுலைசர் தேவையில்லை. மிதமான மூச்சுத்திணறலில், ஸ்பேசருடன் முறையாக உபயோகிக்கப்படும் இன்ஹேலர் நெபுலைசருக்கு இணையான பலனைத் தரும். ஸ்பேசர் இருந்தும் இன்ஹேலரைப் பயன்படுத்த இயலாதவர்களுக்கு மருத்துவர் நெபுலைசரைப் பரிந்துரைக்கலாம். ஜெட் வகை வைத்திருப்போர், மின்தடையை முன்னிட்டு இன்ஹேலரையும் ஸ்பேசரையும் தயாராக வைத்திருத்தல் அவசியம்.

பயன்படுத்தும் முறை

• நிமிர்ந்து அமர்ந்து, இயல்பாக மூச்சு விட வேண்டும். முகமூடி முகத்தில் நன்கு பொருந்தியிருக்க வேண்டும்.
• மருந்தின் அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். மருந்துடன் குழாய் நீரைக் கலக்கக் கூடாது.
• பியூடிசோனைடு செலுத்திய பின் வாயைக் கொப்பளித்து, முகத்தைக் கழுவ வேண்டும்.
• ஒவ்வொரு முறையும் மருந்துக் கிண்ணத்தையும் முகமூடியையும் கழுவிக் காற்றில் உலர்த்த வேண்டும். ஈரம் தங்கினால் கிருமிகள் வளரும். ஒருவருடைய முகமூடியை மற்றவர் பயன்படுத்தலாகாது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியாமை, மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்குதல், உதடு நீலமாதல், அதிக மயக்கம், மருந்து செலுத்திய பின்னும் திணறல் குறையாமை ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இந்நிலையில் வீட்டிலேயே நெபுலைசரைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டு காத்திருப்பது உயிருக்கு ஆபத்தாக முடியலாம். மருத்துவமனையில் ஆக்சிஜனுடன் சேர்த்து மருந்து செலுத்த இயலும். வீட்டுக் கருவியால் அது இயலாது.

உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்கவும். அது வரும்வரை நிவாரண மருந்தை நிறுத்த வேண்டாம். மாங்காடு மற்றும் சுற்றுப்பகுதி மக்கள் பூவிருந்தவல்லி அரசு மருத்துவமனையை அணுகலாம். தொடர் சிகிச்சைக்குத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும், குழந்தைகளுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் உள்ளன. மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.