புத்தளம் கரையோரத்தில் குடும்ப வரலாற்று ஆவணங்கள்

கற்பிட்டித் தீபகற்பத்திலிருந்து தெற்கே வென்னப்புவை வரை நீளும் இலங்கையின் புத்தளம் மாவட்டக் கடற்கரையில் ஒரு குடும்பத்தின் வம்சாவளியைத் தேடுவோர், ஊரை அறிவதற்கு முன் சமயத்தை அறிய வேண்டியவராகின்றனர். இங்குள்ள முக்குவர் சமூகத்தாரில் ஒரு பகுதியினர் இஸ்லாத்தையும் வேறொரு பகுதியினர் கத்தோலிக்கத்தையும் தழுவியமையால், ஒரே மூதாதையின் வழிவந்தோர் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் தனித்தனியே பதியப்பட்டிருக்கக்கூடும்.

பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகியவற்றுக்கான அரசாங்கப் பதிவு 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் வலுப்பெற்றது. சான்றிதழ்ப் பிரதிகள் பிரதேச செயலகங்களின் பதிவாளர் பிரிவில் பெறப்படுகின்றன. பிற்காலப் பிறப்புச் சான்றிதழில், இலங்கையில் பிறந்த பாட்டனின் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும், தகப்பன் இலங்கையில் பிறவாதவராயின் பூட்டனின் விவரமும் கேட்கப்படுகின்றன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பலரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தக் கையாண்ட அதே வம்சாவளிக் கேள்வி, இன்று ஆய்வாளனுக்கு ஒரே தாளில் மூன்று, நான்கு தலைமுறைகளைத் தந்துவிடுகிறது.

பழைய தாள்களைத் தேடும்போது நிருவாக எல்லைகள் மாறியதையும் கருத்திற்கொள்ள வேண்டும். 1833இல் மேல் மாகாணத்துடன் இணைந்திருந்த இப்பகுதி 1845இல்தான் வடமேல் மாகாணத்துக்குரியதாயிற்று. ஆதலால் இடைப்பட்ட ஆண்டுகளின் கடிதங்களை மேல் மாகாணக் கோவைகளிலேயே தேட நேரும். ஒல்லாந்தர் காணிகளையும் குடும்பத்தினரையும் குடிவாரியாக எழுதிவைத்த ஏடுகளான தோம்புகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. ஆயினும் கற்பிட்டிக் கோட்டை அவர்கள் கையில் இருந்தபோதும், கண்டி அரசன் கரையோரம் முழுவதையும் விட்டுக்கொடுத்தது 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையில்தான் என்பதால், யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ கிடைக்கும் அளவு தோம்புச் செய்தியை இங்கு எதிர்பார்க்கலாகாது. இடப்பெயர்களின் பழைய வடிவங்களுக்கு, 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை இடவிளக்க அகராதி இன்றும் பயன்படும்.

இக்கரையில் மிக வளமான மூலம் கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளே. பெற்றோரின் பெயர்களுடன், பெரும்பாலும் உறவினராகவே அமைந்த ஞானத்தாய், ஞானத்தந்தையர் பெயர்களும் அவற்றில் இருப்பதால், நேர்வழியில் அறுந்த தொடர்பைப் பக்கவழியில் பொருத்தலாம். பழைய குறிப்புகள் பல இலத்தீனில் உள்ளன. சிலாபம் மறைமாவட்டம் 1939இல்தான் கொழும்பு உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது என்பதால், அதற்கு முந்திய திருச்சபைக் கடிதங்கள் கொழும்பில் இருக்க வாய்ப்புண்டு. தெற்குக் கரையோரத்தில் தமிழ் பேசிய குடும்பங்கள் பல, பள்ளிக் கல்வி சிங்களத்துக்கு மாறியதோடு தாமும் மொழி மாறின. ஆகவே தமிழில் பெர்னாந்து எனப்பட்டவர் சிங்கள ஏட்டில் பிரனாந்து ஆகியிருப்பார். தமிழெழுத்து மட்டும் அறிந்தவர் தம் குடும்பத்தின் பாதியை இவ்விடத்தில் தவறவிடுவார்.

முஸ்லிம் குடும்பங்களுக்குக் காவின் எனப்படும் விவாகப் பதிவும், பள்ளிவாசலின் அடக்கத்தலங்களான மையவாடிகளும் முதன்மையானவை. திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் பேர்பெற்ற உடப்பில், இராமேசுவரக் கரையிலிருந்து முன்னோர் வந்ததாகச் சொல்லப்படும் மரபு வாய்மொழியாகவே நிற்கிறது. அதைச் சான்றாகக் கொள்ளாமல், தேடலின் திசையைக் காட்டும் குறிப்பாகக் கொள்வதே முறை. காணிப் பதிவகத்து உறுதிகள், அதாவது நொத்தாரிசு எழுதிய பத்திரங்கள், காணி முதுசமாக வந்த வழியைக் கூறும்போது தகப்பன், பாட்டன் பெயர்களையும் விட்டுச்செல்கின்றன. கற்பிட்டி ஒல்லாந்தத் தேவாலயக் கல்லறை எழுத்துகளுக்கு ஜே. பி. லூயிஸ் 1913இல் வெளியிட்ட இலங்கைக் கல்லறை வாசகத் தொகுப்பு துணையாகும்.

சில குடும்பங்களுக்கு மூலம் மாவட்டத்துக்கு வெளியே இருக்கிறது. சிரம்பையடியில் வாழும் ஆப்பிரிக்க வழியினரின் முன்னோர் பிரித்தானியப் படையணிகளில் பணியாற்றியவர்கள் என்பதால், அவர்களுக்கு இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் போர்த்துறைத் தாள்களைப் பார்க்க நேரும். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் குடியேறிய முஸ்லிம்களின் பிள்ளைகள் இம்மாவட்டத்தில் பதியப்பட்டிருந்தாலும், அப்பிள்ளைகளுடைய பாட்டன்மாரின் பதிவுகள் மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு ஆகிய மாவட்டங்களுக்குரியவை.