டீசல் பேரலும் ஸ்பேனர் பெட்டியும்

தை, மாசி அறுவடை சமயத்துல தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வந்த நண்பர்கள் இதைப் பார்த்திருப்பீங்க. சேலம், ஆத்தூர் பக்கமிருந்து வந்த அறுவடை மெஷின் வயலுக்குள்ள ஓடிக்கிட்டிருக்கும். ரோட்டோரமா ஒரு சின்ன வண்டி நிக்கும். அதுல ஒரு பேரல், நாலஞ்சு பிளாஸ்டிக் கேன், ஒரு ஜாக்கி, பழைய பெல்ட், செயின், கிரீஸ் வாளி, சாக்குல கட்டின ஸ்பேனர் எல்லாம் குவிஞ்சு கிடக்கும். அது அத்தனைக்கும் மேல ஒரு பையன் உட்கார்ந்திருப்பான்.

உங்க கண்ணுக்கு அது சாமான் ஏத்தின வண்டி. எங்களுக்கு அதுதான் பெட்ரோல் பங்க், அதுதான் பட்டறை. பெல்ட் வண்டியைத் தார் ரோட்டுல ஓட்டிக்கிட்டு பங்க்குக்குப் போக முடியாது. டீசல்தான் வயலைத் தேடி வரணும். மெஷின் நின்னா மணிக்கணக்கு வாடகை போச்சு. மேகம் திரண்டுட்டா நெல்லும் போச்சு.

இந்த வருசம் எங்க ஊர்ல நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய குட்டியானை வாங்கியிருக்கோம். கேபினுக்குப் பின்னாடி ஒழுங்கா ஒரு டீசல் டேங்க், அதுக்கு மேல ஒரு டூல்ஸ் பெட்டி வைக்கலாம்னு முடிவு. கேக்கறதுக்குச் சின்ன வேலை. ஆனா எண்ணெயை எதுல சுமக்கறது, அது மேல எதை வைக்கறதுங்கற கேள்விக்கு 160 வருசத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கு. படிக்கப் படிக்க சுவாரசியமா இருந்துச்சு. அதைத்தான் இங்க எழுதறேன்.

மரப் பீப்பாயும் தகர டின்னும்

1859ல அமெரிக்காவுல பென்சில்வேனியா மாகாணத்துல டைட்டஸ்வில்ங்கற ஊர்ல எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டினார். எண்ணெய் வந்துருச்சு, பிடிச்சு வைக்கப் பாத்திரம் இல்லை. கிடைச்ச விஸ்கிப் பீப்பாய், மீன் பீப்பாய் எல்லாத்துலயும் ஊத்தி, குதிரை வண்டியில ஏத்தி, சேத்துல இழுத்துக்கிட்டுப் போனாங்க. மரம் காய்ஞ்சா இடுக்கு விடும், எண்ணெய் ஒழுகும். வாங்கறவன் ஏமாறக் கூடாதுன்னு ஒரு பீப்பாய்க்கு 42 கேலன்னு கணக்கு வெச்சாங்க. நம்ம கணக்குல 159 லிட்டர். இன்னைக்கும் டிவியில கச்சா எண்ணெய் விலை சொல்லும்போது 'ஒரு பீப்பாய்'னு சொல்றாங்களே, அது அந்த மரப் பீப்பாயோட அளவுதான். பீப்பாய் போயிருச்சு, கணக்கு நிக்குது.

அடுத்து வந்தது நமக்குத் தெரிஞ்ச சீமெண்ணெய் டின். அமெரிக்கக் கம்பெனியான ஸ்டாண்டர்ட் ஆயில் இரண்டு டின்னை ஒரு மரப்பெட்டியில வெச்சு ஆசியா முழுக்க அனுப்புச்சு. 1892ல மார்க்கஸ் சாமுவேல்ங்கற லண்டன் வியாபாரி 'மியூரெக்ஸ்'னு ஒரு கப்பல்ல எண்ணெயை அப்படியே தொட்டியில நிரப்பி சூயஸ் கால்வாய் வழியா ஆசியாவுக்கு அனுப்பினார். டின் செலவு மிச்சம், அவங்கவங்க பாத்திரம் கொண்டுவந்து வாங்கிக்குவாங்கன்னு நினைச்சார். ஜனங்க வாங்கலை. அவங்களுக்கு எண்ணெய் எவ்வளவு முக்கியமோ, காலி டின்னும் அவ்வளவு முக்கியம். கடைசியில அவரும் தகரம் அனுப்பி இங்கேயே டின் செய்ய வேண்டியதாப் போச்சு. அவரோட கம்பெனிதான் பின்னால ஷெல்.

இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எங்க வீட்டுல அந்த மாதிரி டின்னுக்குக் குறுக்கே ஒரு கட்டை அடிச்சுக் கிணத்துல தண்ணி இறைச்சோம். அதுலதான் வெந்நீர் வெச்சோம். அப்பா ஆயில் இஞ்சினுக்கு டீசல் கொண்டுவந்ததும் அதே டின்லதான். சைக்கிள் கேரியர்ல கட்டிக் கொண்டுவருவார். வீடு வந்து சேர்றதுக்குள்ள வேட்டி ஓரம் நனைஞ்சிருக்கும்.

தகர டின்னுக்கு ஒரு குறை. அதுக்கு வெறும் தோல்தான் உண்டு, எலும்பு கிடையாது. நேரா நிக்க வெச்சா எண்ணெயைப் பிடிச்சுக்கும். மேல பாரம் வெச்சாலோ, வண்டியில குலுங்கினாலோ மடிப்பு விட்டுரும். இனிமே வர்ற கதை பூராவும் அந்தத் தோலுக்கு எலும்பு வெச்ச கதைதான்.

பேரலோட இரண்டு வளையம்

200 லிட்டர் இரும்புப் பேரலை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதோட சரித்திரத்துல ஒரு பெண் இருக்காங்க. நெல்லி பிளை, அமெரிக்கப் பத்திரிகையாளர். 1889ல கிளம்பி 72 நாள்ல உலகத்தைச் சுத்தி வந்தவங்க. அந்தப் பயணத்துல கப்பலுக்காகக் கொழும்புல சில நாள் காத்துக் கிடந்தாங்க. அவங்க கணவர் காலமானதுக்கப்புறம் அவரோட இரும்புச் சாமான் கம்பெனியை இவங்கதான் நடத்தினாங்க. அங்க வேலை பார்த்த ஹென்றி வேர்ஹான் இரும்புப் பீப்பாய்க்கு 1905ல காப்புரிமை வாங்கி, உரிமையை இவங்க பேருக்கு மாத்திக் கொடுத்தார். இன்னைக்கு நாம உருட்டற பேரலோட முன்னோர்கள்ல அதுவும் ஒண்ணு.

பேரலோட உடம்புல இரண்டு வளையம் புடைச்சிருக்கும் பாருங்க, அது அழகுக்கு இல்லை. உருட்டும்போது தரையில படறது அந்த வளையம்தான், தகடு இல்லை. பக்கவாட்டுல இடி வாங்கினாலும் வளையம் தாங்கும். பேரலுக்கு அதுதான் விலா எலும்பு.

ஆனா பேரலை வண்டியில ஏத்தினா வேற தொல்லை. உருண்டைங்கறதால மூலையில ஒட்டி நிக்காது. மேல பெட்டி வெச்சா மூடியை மறைச்சிரும். டீசல் எடுக்க ட்யூபை விட்டு வாயால உறிஞ்சறாங்க. அந்தப் பையன்தான் உறிஞ்சுவான். டீசல் நுரையீரலுக்குள்ள இறங்கினா உயிருக்கே ஆபத்து. நாங்க டேங்க்கும் பம்ப்பும் வேணும்னு கிளம்பினதுக்கு முதல் காரணம் இதுதான்.

ஜெரிகேன்

20 லிட்டர் ஜெரிகேன் ஜெர்மனியில 1937ல உருவானது. ஜெர்மன் சிப்பாய்களை ஆங்கிலேயர் 'ஜெர்ரி'னு கேலியாச் சொல்லுவாங்க, அதுல வந்த பேரு. அதுக்கு மேல மூணு கைப்பிடி. நிறைஞ்ச கேனை ஒருத்தர் நடுப்பிடியில தூக்கலாம், இரண்டு பேர் ஓரப்பிடியில பங்கு போட்டுக்கலாம். காலி கேன்னா ஒரே கையில இரண்டு. இரண்டு பாதியையும் சேர்த்த வெல்டிங் கோடு உள்ளே பள்ளத்துல ஒளிஞ்சிருக்கும், இடிபடாது. பக்கத் தகட்டுல பெருக்கல் குறி மாதிரி அமுக்கியிருப்பாங்க. அது தகட்டை விறைப்பாக்கும், எண்ணெய் சூட்டுல விரிஞ்சா தகடு கொஞ்சம் விரியவும் இடம் கொடுக்கும்.

இந்தக் கேன் வெளி உலகத்துக்குத் தெரிய வந்ததுல இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. பால் பிளைஸ்ங்கற அமெரிக்க இஞ்சினியர் 1939ல ஒரு ஜெர்மன் நண்பரோட பெர்லின்ல இருந்து இந்தியாவுக்குத் தரை வழியா வண்டியில கிளம்பினார். வழியில தண்ணி வேணுமேன்னு அந்த நண்பர் பெர்லின் விமான நிலையத்துல இருந்த இந்தக் கேன்ல மூணை எடுத்துக்கிட்டு வந்துட்டார். நண்பர் பாதியிலேயே திரும்ப வேண்டியதாயிருச்சு. பிளைஸ் கல்கத்தா வரைக்கும் வந்து சேர்ந்து, பிறகு அமெரிக்கா போய் ராணுவத்துக்கிட்ட இந்தக் கேனைப் பத்திச் சொன்னார். முதல்ல யாரும் காது கொடுக்கலை.

அதே நேரத்துல வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துல ஆங்கிலேயப் படை நம்ம சீமெண்ணெய் டின்னோட பங்காளி மாதிரி ஒரு 4 கேலன் டின்லதான் பெட்ரோல் கொண்டு போச்சு. வண்டி குலுங்கக் குலுங்க மடிப்பு விட்டு மணல்ல ஒழுகுச்சு. ஒழுகின டின்னை வெட்டி, மணலை நிரப்பி, பெட்ரோல் ஊத்தி டீ போட்டுக் குடிச்சாங்க. அந்தப் பாலைவனத்துல நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆட்களும் இருந்தாங்க. ஜெர்மன்காரங்ககிட்ட பிடிச்ச கேன் ஒவ்வொண்ணையும் பொக்கிஷமா வெச்சுக்கிட்டு, கடைசியில ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அதே மாதிரி செய்ய ஆரம்பிச்சாங்க.

பிக்கப் வண்டி டேங்க்

எங்க திட்டத்துக்கு நேரான முன்னோடி அமெரிக்கா, கனடா கோதுமைக் காடுகள்ல இருக்கு. 1925ல ஃபோர்டு கம்பெனி தன்னோட மாடல் டி காருக்குப் பின்னாடி பெட்டி வெச்சு பிக்கப்னு விக்க ஆரம்பிச்சது. 1931ல கேட்டர்பில்லர் டீசல் டிராக்டரைக் கொண்டுவந்துச்சு. டீசல் மெஷின் வயல்ல, டீசல் ஊர்ல. நடுவுல பிக்கப். அங்கேயும் நம்ம ஆத்தூர்க்காரங்க மாதிரி கூட்டம் உண்டு. டெக்சாஸ்ல அறுவடை தொடங்கி, கோதுமை விளைய விளைய வடக்கே கனடா எல்லை வரைக்கும் மெஷினோட போவாங்க.

அவங்க வண்டியில கேபினுக்குப் பின்னாடி இருக்கற டேங்க்கைப் பக்கவாட்டுல பார்த்தா நாற்காலி மாதிரி இருக்கும். உட்காரற பலகை தாழ்வா, சாயற பலகை உயரமா. டூல்ஸ் பெட்டி அந்தத் தாழ்ந்த இடத்துக்கு மேல வரும். உயர்ந்த பக்கத்துல மூடியும், பாட்டரியில ஓடற 12 வோல்ட் பம்ப்பும். பெட்டியைத் திறக்காமலே டீசல் ஊத்தலாம். கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்த மாதிரி அமைப்புல பெட்டியோட பாரம் டேங்க் மேல இறங்கறதே இல்லை. வண்டியோட இரண்டு பக்கச் சுவர் மேல பெட்டி குறுக்கே தொங்கும். டேங்க் அதுபாட்டுக்குக் கீழே இருக்கும்.

நம்ம வண்டிக்கு

குட்டியானையில அப்படித் தொங்கவிட முடியாது. பக்கக் கதவு கீழே மடியற கதவு, பாரம் தாங்காது. எங்க பட்டறைத் தம்பி, "அண்ணே, டேங்க் மேலேயே பெட்டியை வெச்சு வெல்டு அடிச்சிரலாமா? ஒரே நாள் வேலை"ன்னார். நல்ல வேலைக்காரர்தான். ஆனா அப்படிச் செஞ்சா அது எலும்பில்லாத தகர டின் கதை. பெட்டிக்குள்ள ஜாக்கியும் ஸ்பேனரும் சேர்ந்து 100 கிலோ வரும். வரப்பு ரோட்டுல ஒவ்வொரு குலுக்கலும் அந்த 100 கிலோவை டேங்க் மேல்தகட்டுல இடிக்கும். முதல்ல வெடிப்பு விடற இடம் வெல்டிங் ஓரம். அதுக்குக் கீழே டீசல்.

"எலும்பு தனி, தோல் தனி தம்பி"ன்னு சொல்லி உட்கார்ந்து வரைஞ்சோம். அளவு 1,200 மி.மீ. நீளம், 500 அகலம், 500 உயரம். பெருக்கினா 300 லிட்டர். 3 மி.மீ. இரும்புத் தகடு. ஜி.ஐ. தகடு கூடாது, டீசலுக்கும் துத்தநாகத்துக்கும் ஆகாது. ஆங்கிள்ல நாலு கால் வெச்ச ஒரு சட்டம், மேசை மாதிரி. பெட்டி அந்த மேசை மேல உட்காரும். டேங்க் மேசைக்கு அடியில ரப்பர் வெச்சுத் தனியா உட்காரும். நடுவுல இரண்டு விரல் இடைவெளி. மூடி, காத்துப்போக்கி, பம்ப் எல்லாம் பெட்டி மறைக்காத ஓரத்துல.

டேங்க்குக்குள்ள இரண்டு தடுப்புத் தகடு. நிறைஞ்ச டேங்க்கை விட பாதி டேங்க்தான் ஆட்டம் காட்டும். பிரேக் போட்டா டீசல் மொத்தமா ஒரு பக்கம் மோதும். தடுப்போட மூலைகளை வெட்டி விட்டா டீசலும் காத்தும் போய்வரும், அலை மட்டும் உடையும். தடுப்பு, பேரலோட வளையம் மாதிரி தகட்டுக்கு விறைப்பும் கொடுக்கும். வாய் வரைக்கும் நிரப்பக் கூடாது. விடியற்காலை ஊத்தின 300 லிட்டர், வெயில்ல 20 டிகிரி சூடு ஏறினா 5 லிட்டர் கூடுதலா விரியும்.

எடைக் கணக்கு: டீசல் 250 கிலோ, டேங்க்கும் சட்டமும் 100 கிலோ, பெட்டி 100 கிலோ. மொத்தம் 450. குட்டியானை 2005ல வந்தப்ப தாங்கற பாரம் 750 கிலோன்னு போட்டிருந்தாங்க. எங்களுது பழைய வண்டி, அந்த முக்கால் டன்னை முழுசா நம்பலை. அதனால 300 லிட்டரோட நிறுத்திக்கிட்டோம்.

சட்டத்தையும் பார்த்துக்கிட்டோம். 1934ஆம் வருசத்துப் பெட்ரோலியச் சட்டப்படி, டீசல் மொத்தம் 2,500 லிட்டருக்கு மேல போகாம, ஒரு பாத்திரம் 1,000 லிட்டரைத் தாண்டாம இருந்தா உரிமம் தேவையில்லை. பெட்ரோலுக்கு இந்தச் சலுகை கிடையாது, அதோட ஆவி தீப்பிடிக்கற வேகமே வேற. எங்க டேங்க்குல பெட்ரோல் ஒரு சொட்டும் ஊத்தக் கூடாதுன்னு மூடியிலேயே எழுதப் போறோம். பதிவுச் சான்றிதழ்ல இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டமும் சொல்லுது. அதனால சேஸ்ல வெல்டிங் எதுவும் இல்லை. சட்டம் நட்டு போல்ட்டுல நிக்கும், சரக்கு மாதிரி ஏத்தலாம், இறக்கலாம்.

இதுல எந்த யோசனையும் எங்களோடது இல்லை. வளையம் பேரல்கிட்ட வாங்கினது, ஒளிஞ்ச வெல்டிங்கும் விரிய விடற இடமும் ஜெரிகேன்கிட்ட வாங்கினது, தனியா நிக்கற பெட்டி கோதுமைக்காரங்ககிட்ட வாங்கினது.

அடுத்த அறுவடைக்கு இந்தப் பக்கம் வந்தா ரோட்டோரம் நிக்கற டீசல் வண்டியை ஒரு நிமிசம் பாருங்க. பெட்டி எது மேல உட்கார்ந்திருக்கு, பையன் எங்க உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. எங்க வண்டியில அவனுக்கு முன்னாடி கேபின்ல, டிரைவர் பக்கத்துல இடம்.