அரசவண்டியில் நாடோடிப் பூக்கள்

ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் ஐந்தாம் ஃபாண்டம் கார் 1959இல் வெளிவந்தது. 1960களின் தொடக்கத்திலேயே பிரித்தானிய அரண்மனை அதனைத் தன் ஊர்தியாக்கிக்கொண்டது. அரசியார், தூதுவர், பெருவணிகர் என அதன் பின்னிருக்கைக்கு உரியோர் பெரும்பாலும் வயதாலும் நிலையாலும் மூத்தவர்கள். அதே வகை வண்டியொன்று 1965 ஜூன் திங்களில் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் கைக்கு வந்தது. கப்பல் பணியாளர் ஒருவரின் மகனான அவருக்கு அப்போது அகவை 24. முதலில் அவரும் அதைக் கறுப்பாகவே வைத்திருந்தார். பெருமக்களின் பொருளை வாங்கும் புதுச்செல்வர் அதன் மரபையும் சேர்த்தே வாங்கிக்கொள்வது உலக வழக்கந்தானே!

இரண்டே ஆண்டுகளில் அவ்வழக்கு முறிந்தது. அதற்கான சூழல் இலண்டன் தெருக்களில் முன்பே உருவாகியிருந்தது. கட்டாயப் படைப்பணிக்கு ஆளெடுப்பது 1960இன் இறுதியோடு நின்றது. போர்க்காலத்திலும் அதன் பின்னும் பிறந்தவர்கள் கையில் வேலையும் வாரச் சம்பளமும் இருந்தன. தாயின் உடையையே அளவு குறைத்து மகளும் உடுத்தும் வழக்கம் அவர்களுக்குக் கசந்தது. கிங்ஸ் சாலையில் மேரி குவாண்ட் 1955இல் திறந்த ‘பஸார்’ என்னும் கடை அவர்கள் விரும்பிய உடைகளை விற்றது. விலை எளியதன்று. 1964 முதல் அவருடைய வடிவங்கள் வெட்டித் தைக்கத்தக்க தாள்மாதிரிகளாக விற்பனைக்கு வந்தபின், கடையில் வாங்க இயலாத பெண்கள் அவற்றைத் தாமே தைத்துக்கொள்ள வழி பிறந்தது. கடைகளின் புகழையே பாடும் வரலாறுகள் அந்த வீட்டுத் தையற்பொறிகளை மறந்துவிடுகின்றன.

முழங்காலுக்கு மேலேறிய பாவாடைக்குக் குவாண்ட் இட்ட பெயர் ‘மினி’. அது அவர் விரும்பிய காரின் பெயர். 1956ஆம் ஆண்டுச் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது எழுந்த தேவைக்காக அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த சிறுவண்டி அது. 1959இல் ஏறத்தாழ 500 பவுனுக்கு விற்றது. குட்டைப்பாவாடையை முதலில் படைத்தவர் யார் என்ற வழக்கில் பாரிசு நகரத்துக் குரேஜின் பெயரும் உண்டு. குவாண்டோ அப்பெருமையைக் கிங்ஸ் சாலைப் பெண்களுக்கே விட்டுக்கொடுத்தார். ஊர்தியின் பெயர் உடைக்கு ஆகிவந்த இதனை எவ்வகை ஆகுபெயரில் அடக்குவது என்பதை இலக்கணப் புலவர் ஆராய்க.

பெயர் மட்டும் இடம் மாறவில்லை. காரும் உடையைப்போல் உடுத்திக்கொள்ளும் பொருளாயிற்று. நடிகர் பீட்டர் செல்லர்ஸ் 1963இல் தம் மினியின் பக்கங்களைப் பிரம்புப் பின்னல் போன்ற வேலைப்பாட்டால் அழகுசெய்தார். 1967இல் ஜார்ஜ் ஹாரிசன் தம் மினியின்மேல் இந்தியத் தந்திர மரபின் யந்திர வடிவங்களைத் தீட்டுவித்தார். சிக்கனத்துக்குப் பிறந்த வண்டி இவ்வாறு செல்வரின் அணிகலனாயிற்று.

அதே 1967இல் லெனனின் ஃபாண்டம் சர்ரே மாவட்டத்துச் செர்ட்சி ஊரிலிருந்த வண்டிப்பட்டறையை அடைந்தது. கருமை மறைந்து மஞ்சள் பரவியது. அதன்மேல் சுருள்கொடிகள், பூங்கொத்துகள், கூரையில் இராசிக் குறி. இவற்றைப் போதைமருந்துக் காலத்து மயக்க ஓவியம் என்று பெயரிட்டு ஒதுக்குவது எளிது. உற்று நோக்கினால், ரோமானி நாடோடிகளின் குதிரைவண்டிகளிலும் கால்வாய்ப் படகுகளிலும் காணப்படும் பழைய பூவேலையின் சாயல் புலனாகும். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் கோலம் அரசியார் ஏறும் வகை வண்டியின்மேல் ஏறியது. வண்டியின் விலையைக் காட்டிலும் இதுவே பெருந்துணிவு. நிறத்தில் என்ன இருக்கிறது என்று கேட்போர், அந்நாட்டில் கருமை எவ்வளவு காலம் ஆட்சி செய்தது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

1970இல் அவ்வண்டி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 1977இல் நியூயார்க்கின் கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகத்துக்குக் கொடையாயிற்று. லெனன் 1980இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1985இல் சதபீஸ் ஏலத்தில் கனடிய வணிகர் ஜிம் பாட்டிசனின் நிறுவனம் ஏறத்தாழ 23 இலட்சம் டாலர் கொடுத்து அதனை வாங்கியது. பின்னர் அவ்வண்டி பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துக்கு வழங்கப்பட்டு, விக்டோரியா நகரத்து அரச அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று. கூரையின் இராசிக் குறியும் பக்கங்களின் பூக்களும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.