வாசல் இடம் மாறிய வீடு

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகும் வீட்டுக்கு டிரெய்லர் என்று பெயர். படுக்கை, அடுப்பு, அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே இருக்கும். ராத்திரி எங்கே நிற்கிறோமோ அங்கே வீடு. நம் ஊரில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போனவர்கள் அரிசி பருப்போடு அடுப்பையும் ஏற்றிக்கொண்டு போகவில்லையா, அதே யோசனைதான்; மாட்டுக்குப் பதில் மோட்டார். இந்த டிரெய்லர்களிலே வெள்ளிப் பாத்திரம் மாதிரிப் பளபளத்துக்கொண்டு, முட்டையைப் படுக்க வைத்தாற்போல் ஒரு ஜாதி உண்டு. ஏர்ஸ்ட்ரீம் என்பார்கள். சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அதன் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் எல்லோரும் வாலி பையம் என்ற மனிதரிடம் ஆரம்பித்து அவரிடமே முடிப்பார்கள். (பெயரைக் கேட்டதும் கிஷ்கிந்தைக்குப் போய்விட வேண்டாம்; இவர் ஆரிகன் மாகாணத்துக்காரர்.) எனக்கு அந்த வரிசையில் சம்மதமில்லை. கதையை இன்னொருவரிடம் ஆரம்பிக்க வேண்டும்.

அவர் பெயர் ஹாலி போலஸ். கலிபோர்னியாக்காரர். எஞ்சின் இல்லாமல் காற்றிலேயே மிதந்து போகும் கிளைடர் விமானங்களைக் கட்டுவதில் கெட்டிக்காரர். 1927-ல் சார்லஸ் லிண்ட்பர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டினாரே, அந்த விமானம் ஸான்டியகோ நகரத்துப் பட்டறையில் உருவானபோது வேலையை மேற்பார்த்தவர் போலஸ்தான். 1930-ல் லிண்ட்பர்க்குக்கும் அவர் மனைவிக்கும் கிளைடர் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே.

இப்பேர்ப்பட்டவர் 1934-ல் ஒரு டிரெய்லர் செய்தார். 'ரோட் சீப்' என்று பெயர் வைத்தார். எஃகுக் குழாய்களால் எலும்புக்கூடு, அதன் மேல் அலுமினியத் தகடு, தகட்டை இறுக்க வரிசை வரிசையாக ரிவிட் ஆணிகள். விமானம் கட்டுகிற முறை அப்படியே. எடை சுமார் 1,100 பவுண்டுதான். அந்தக் காலத்து டிரெய்லர்கள் மரச் சட்டமும் மரப் பலகையுமாகப் பெட்டி பெட்டியாக இருந்தபோது, இது மட்டும் மீன்போலக் காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

ஆனால் அதன் வாசல் இருந்த இடம் விசித்திரமானது. முன் மூக்கில், காரோடு மாட்டுகிற கொக்கிக்கு நேர் மேலே. உள்ளே போகவேண்டுமானால் அந்த இரும்பு நாக்கைத் தாண்டிக் கால் வைத்து ஏற வேண்டும். மழை நாளில், கையில் குழந்தையோடு, அல்லது கொதிக்கிற பாத்திரத்தோடு இதைச் செய்து பாருங்கள்! போலஸ் ஏன் அப்படி வைத்தார் என்பது பற்றி என் அபிப்பிராயம் இதுதான்: விமானக்காரர் கண்ணுக்கு விலாவில் வெட்டுகிற ஓட்டை ஒரு காயம். தகடு முழுசாக இருந்தால்தான் உடம்புக்குப் பலம். அவர் வீடு கட்டவில்லை. இறக்கை இல்லாத விமானம் கட்டினார்.

சுமார் 80 டிரெய்லர்கள்தான் வெளிவந்தன. 1936-க்குள் கம்பெனி திவாலாகிவிட்டது. இன்று தப்பிப் பிழைத்திருக்கும் ரோட் சீப் ஏலத்துக்கு வந்தால் லட்சம் டாலரைத் தாண்டிப் போவதும் உண்டு. கட்டியவருக்குக் கிடைத்தது கடன்.

இப்போது பையம் வருகிறார். சிறுவனாக இருந்தபோது ஆரிகனில் ஆட்டு மந்தை மேய்த்தவர். கழுதை இழுக்கும் ஒரு மரவண்டிதான் அப்போது வீடு; அதில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு தண்ணீர் வாளி, ஒரு படுக்கை. பிறகு ஸ்டான்போர்டில் படித்தார், விளம்பரத் தொழில் செய்தார், பத்திரிகை நடத்தினார். வெட்டவெளியில் கூடாரமடித்துத் தங்க அவர் மனைவிக்குப் பிடிக்கவில்லை என்றும், அதனால்தான் சக்கரத்தின் மேல் ஒரு கூடாரம் செய்ய முனைந்தார் என்றும் சொல்லுவார்கள். பையம் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு: தரையைச் சக்கரங்களுக்கு நடுவே தாழ்த்தினார், கூரையை உயர்த்தினார். மனிதன் உள்ளே நிமிர்ந்து நிற்க முடிந்தது. கேட்பதற்குச் சின்ன விஷயம். குனிந்துகொண்டே ஒரு வாரம் சமைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

போலஸின் டிரெய்லரை விற்றுக் கொடுக்கும் வேலையும் சில காலம் பார்த்தார் பையம். போலஸின் கம்பெனி சரிந்த அதே 1936-ல் பையம் தன் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' டிரெய்லரை வெளியிட்டார். அதே உருவம், அதே தகடு, அதே ரிவிட். வாசல் மட்டும் பக்கவாட்டுக்கு வந்துவிட்டது. நாலு பேர் தூங்கலாம், தண்ணீர்த் தொட்டி உண்டு, மின்சார விளக்கு உண்டு. விலை 1,200 டாலர். பஞ்சகாலத்தில் அது பெரிய தொகை. இருந்தும் வாங்க ஆள் இருந்தது. விமானத்தைப் பார்த்த கண்ணால் போலஸ் செய்ததை, படியேறி உள்ளே போகிறவளின் காலால் பையம் திருத்தினார் என்று வைத்துக்கொள்ளலாம். திருட்டு என்று சொல்லுகிறவர்களும் உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை. ஆனால் வாசலை நகர்த்தியவர் பெயர் ஊரெல்லாம் தெரிந்திருக்க, வீட்டைக் கட்டியவர் பெயர் ஏலக்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருப்பது நியாயமாகப் படவில்லை.

யுத்தம் வந்தது. அலுமினியம் முழுவதும் விமானத்துக்கே வேண்டியிருந்தது. பட்டறையை மூடிவிட்டு பையம் விமானத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். யுத்தம் முடிந்து 1948-ல் மறுபடி ஆரம்பித்தார். 1952-ல் ஒஹையோ மாகாணத்தில் ஜாக்ஸன் ஸென்டர் என்ற சிற்றூரில் இன்னொரு பட்டறை திறந்தார்கள். ஏர்ஸ்ட்ரீம்கள் இன்றும் அங்கேதான் செய்யப்படுகின்றன.

டிரெய்லரை விற்றால் போதுமா, அதை எங்கே இழுத்துக்கொண்டு போவது என்பதையும் வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார் பையம். 1951-ன் கடைசியில் மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா என்று ஒரு படையைக் கிளப்பினார். புறப்பட்டவை 63 டிரெய்லர்கள். கடைசிவரை போய்ச் சேர்ந்தவை 14. வேறு ஒருவராக இருந்தால் அதோடு கும்பிடு போட்டிருப்பார். அவரோ 1959-ல் 41 டிரெய்லர்களையும் 106 பேரையும் கப்பலேற்றித் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார். கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை! வந்தவர்களில் முக்காலே மூன்று வீசம் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கிழவர்கள், கிழவிகள்.

எதியோப்பியாவில் பாதை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லாத இடங்கள் இருந்தன. அச்சு முறிந்தது, கொக்கி முறிந்தது, டயர் வெடித்தது. பகலெல்லாம் இழுப்பது, ராத்திரி ரிப்பேர் பார்ப்பது. அடிஸ் அபாபாவில் பேரரசர் ஹெய்லி செலாசியைச் சந்தித்தார்கள். 12,000 மைலுக்கு மேல் உருண்டு, 1960-ல் எகிப்துக்கு வந்து பிரமிடுகளின் அடியில் வட்டமாக டிரெய்லர்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். இன்றும் ஏர்ஸ்ட்ரீம் என்றால் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறார்கள்.

அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்திருக்கிறேன். வெள்ளி வட்டத்தைவிட, வட்டத்துக்கு வெளியே நின்றவர்களைப் பற்றித்தான் மனம் போகிறது. 1960 என்பது ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் சுதந்திரமடைந்த வருஷம். இவர்கள் கிளம்பிய தென்னாப்பிரிக்காவிலோ கறுப்பு மனிதன் தன் சொந்த ஊரில் நடமாடவே பாஸ் புத்தகம் காட்ட வேண்டும். அந்த வழியாக, வீட்டையே கூட இழுத்துக்கொண்டு, இஷ்டப்பட்ட இடத்தில் இரவு தங்கிப் போகிற மனிதர்கள்! சாலையோரத்தில் நின்று பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாராவது கேட்டு எழுதி வைத்திருந்தால், பையத்தின் சரித்திரத்தைவிட அது ருசியாக இருந்திருக்கும்.

பையம் 1962-ல் காலமானார். போலஸ் 1967-ல் போனார். டிரெய்லர்கள் இருக்கின்றன. இங்கேதான் இவற்றை வைத்துக் காப்பாற்றுகிறவர்களின் பாடு ஆரம்பமாகிறது.

பழைய ஏர்ஸ்ட்ரீமைப் பார்க்கிறவர்கள் பளபளப்பைத்தான் பார்ப்பார்கள். அந்தத் தகடு இரண்டு அடுக்கானது. உள்ளே இருப்பது செம்பு கலந்த உறுதியான கலவை. அது எளிதில் அரித்துப் போகும் என்பதால் மேலே சுத்த அலுமினியத்தில் ஒரு மெல்லிய படலம். கண்ணாடி மாதிரி மின்னுவது அந்தப் படலம்தான். தேய்க்கத் தேய்க்க மின்னும். தேய்க்கத் தேய்க்கக் குறையவும் செய்யும். புளி போட்டுப் பித்தளைக் குடம் தேய்க்கிற உற்சாகத்தில் இதைத் தேய்த்தால் கடைசியில் காயம்தான் மிஞ்சும்.

ஆனால் இந்த டிரெய்லர்களுக்கு யமன் தகட்டில் இல்லை, தரையில் இருக்கிறான். கீழே இரும்புச் சட்டம், அதன் மேல் பிளைவுட் பலகை, பலகையின் ஓரத்தின் மேல் அலுமினியக் கூடு; மூன்றையும் சேர்த்து போல்ட் போட்டிருப்பார்கள். ஜன்னல் ரப்பரோ கூரையின் ஒரு ரிவிட்டோ கொஞ்சம் இளகினால் போதும். மழைத் தண்ணீர் உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவே, யார் கண்ணிலும் படாமல், வருஷக்கணக்கில் இறங்கும். பலகையின் ஓரம் உளுத்துப் போகும். போல்ட் துருப்பிடிக்கும். பின்பக்கம் கூடு வேறு, சட்டம் வேறு என்று பிரிந்துவிடும். வெளியே பார்த்தால் புதுக்கல்யாணப் பெண் மாதிரி ஜொலித்துக்கொண்டே இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் பின் பம்பர் மேல் ஏறி நின்று குதித்துப் பார்ப்பார்கள். கூடு கூடவே அசைய வேண்டும். அசையாவிட்டால் வீட்டுக்கும் வண்டிக்கும் விவாகரத்து ஆகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கூட்டையே தூக்கி இறக்கித்தான் தரையை மாற்ற வேண்டும்.

ஒஹையோவில் என் தமக்கை மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் எனக்குக் காட்டியவர் அடுத்த தெருக் கிழவர் ஒருவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பையம் உயிரோடு இருந்த காலத்து டிரெய்லர் ஒன்று வைத்திருந்தார். கையில் ஒரு குத்தூசி. அதனால் தரையோரத்தை அங்குலம் அங்குலமாகக் குத்திக்கொண்டே வந்தார். பலகை கெட்டியாக இருந்தால் ஊசி நிற்கும். பிறகு சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து அழுத்தி அழுத்தி ஏற்றினார். வருஷத்துக்கு ஒரு தடவை இது வேண்டும் என்றார். டயர் தேயாவிட்டாலும் வயதானால் மாற்றிவிட வேண்டும் என்றார். காஸ் குழாயின் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். அது நம் வீட்டு வழக்கமேதான்.

தகட்டில் ரிவிட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று காற்றுச் சுத்தியலால் தலையை அடிப்பார். இன்னொருவர் உள்ளே இருந்து வாலுக்கு நேராக ஒரு இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. காதைச் செவிடாக்கும் சத்தத்தில் பேசவும் முடியாது. தகட்டின் மேல் தட்டித்தான் பேசிக்கொள்ள வேண்டும். ஒரு தட்டு என்றால் 'இன்னும் கொஞ்சம்'. இரண்டு தட்டு என்றால் 'சரியாக இருக்கிறது, அடுத்ததுக்குப் போ'. முப்பது வருஷம் இவர் வெளியே நின்றாராம், மனைவி உள்ளே.

கூட்டின் இடது பக்கத்தில், கையகல இடைவெளியில், இரண்டு விதமான ஆணித் தலைகள் இருந்தன. ஒரு விதம் வழவழப்பாகத் தகட்டோடு ஒட்டியிருந்தது. இன்னொரு விதத்தின் நடுவில் சிறு புள்ளி. ஏன் என்று கேட்டேன். புள்ளி வைத்தது வெளியிலிருந்தே ஒரே ஆள் அடிக்கக்கூடிய ரிவிட் என்றார். மனைவி இறந்த பிறகு அடித்தவை அவை. அவ்வளவு பலம் இல்லை, தண்ணீரும் சீக்கிரம் கசியும், அதனால் மழைக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் மேல் பசை தடவிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, எனக்கு ஓய்வு இருக்கிறதா என்று கேட்டார்.

இரும்புக் கட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. புள்ளி ஆணிகளைத் துளையிட்டு எடுத்துவிட்டு, அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு ஆணி அடித்தோம். வேனிலில் நோவாஸ்கோஷியா வரை போகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டயர் நாலும் புதிதாக வாங்கி, வீட்டுப் பின்கட்டில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்.