தாய்மையும் தண்டுவட மரப்பு நோயும்: ஒரு தடை உடைந்த கதை

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் நோய் வந்த இளம்பெண்களுக்கு மருத்துவர்கள் ஓர் அறிவுரை சொல்வது வழக்கமாக இருந்தது. குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டாம் என்பதுதான் அது. கருவுற்றுவிட்டால் கலைத்துவிடும்படி சொன்னவர்களும் உண்டு. எத்தனையோ பெண்கள் அதைக் கேட்டு நடந்தார்கள். ஆனால் அந்த அறிவுரைக்குச் சரியான ஆதாரம் இருந்ததா? இல்லை! அது எப்படித் தெரிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம். தமிழில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். மின்கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பது போல நம் நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற உறை இருக்கிறது. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இந்த உறையைத் தாக்குகிறது. அதனால் கண் மங்கலாம், கால் தளரலாம், கை மரத்துப்போகலாம். பலருக்கு இது தாக்குதல் தாக்குதலாக வரும். சில வாரம் வாட்டிவிட்டுத் தணியும், பிறகு திரும்பவும் வரும்.

இதைத் தனி நோயாகத் தெளிவாக விளக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்க்கோ. ஆண்டு 1868. அவர் வேலை பார்த்த பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனை முக்கியமாகப் பெண்களுக்கானது.

ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கணக்குகள் பலவற்றில் ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய சமமாகவே இருந்தார்கள். பெண்களின் நரம்புக் கோளாறுகளை 'ஹிஸ்டீரியா' என்று ஒதுக்கிவிட்டதும் இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். காலம் போகப்போகக் கணக்கு மாறியது. 2006இல் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்றில், பிந்தைய தலைமுறையில் ஓர் ஆணுக்கு மூன்று பெண்களுக்கு மேல் இந்த நோய் இருப்பது தெரிந்தது. அதுவும் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், அதாவது பிள்ளை பெறும் வயதில்!

சரி, மருத்துவர்கள் ஏன் கர்ப்பத்தைக் கண்டு பயந்தார்கள்? பிரசவமான சில வாரங்களில் நடக்க முடியாமல் வந்த தாய்மார்களை அவர்கள் பார்த்திருந்தார்கள். அது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் அந்தப் பெண் எப்படி இருந்தாள்? நன்றாக இருப்பவர் நரம்பு மருத்துவரைத் தேடிப் போவதில்லையே! அதனால் கெட்ட காலம் கண்ணில் பட்டது, நல்ல காலம் படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே காலத்தில் இன்னொரு நோயில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச், முடக்குவாதம் உள்ள பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வலி குறைவதைக் கவனித்து 1938இல் எழுதினார். உடம்பிலேயே ஏதோ ஒரு பொருள் இந்த வேலையைச் செய்கிறது என்று நினைத்தார். அந்தத் தேடல் கார்ட்டிசோனில் போய் முடிந்தது. 1948இல் முதன்முதலாக முடக்குவாத நோயாளிக்கு அது கொடுக்கப்பட்டது. 1950இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசும் கிடைத்தது, கெண்டல், ரெய்க்ஸ்டைன் என்ற இருவரோடு சேர்த்து. அங்கே கர்ப்பம் ஒரு தடயம் ஆனது. இங்கே அது ஒரு குற்றவாளி ஆனது!

தண்டுவட மரப்பு நோயில் கணக்கைச் சரியாகப் போட்டது பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த கிறிஸ்டியன் கோன்ஃபாவ்ரோவின் குழு. 12 ஐரோப்பிய நாடுகளில் 254 பெண்களின் 269 கர்ப்பங்களைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள்.

கர்ப்பத்துக்கு முந்தைய ஆண்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.7 தாக்குதல். அதாவது பத்துப் பெண்களுக்கு ஆண்டுக்கு ஏழு. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அந்த வேகம் 0.2 ஆக இறங்கியது. பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் 1.2 ஆக ஏறியது. பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது. 2004இல் வெளியான தொடர் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. முதல் மூன்று மாதங்களில்கூட நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தாக்குதல் வரவே இல்லை. தாய்ப்பால் கொடுப்பதாலும் கெடுதல் எதுவும் தெரியவில்லை.

பழைய மருத்துவர்கள் கண்டது கடைசிப் பக்கத்தை மட்டும்தான். முழுப் புத்தகமும் வேறு கதை சொன்னது.

கர்ப்பம் ஏன் காக்கிறது? குழந்தையின் பாதி தந்தையிடமிருந்து வந்தது. தாயின் எதிர்ப்பு மண்டலம் அதை அந்நியன் என்று தாக்கிவிடக் கூடாது. அதனால் கர்ப்ப காலத்தில் அதன் போக்கு மாறுகிறது. இந்த மாற்றத்தில் பாலியல் ஹார்மோன்களுக்கும் பங்கு உண்டு. முக்கியமாக எஸ்ட்ரியால். 1930இல் கை மாரியன் என்ற வேதியியலாளர் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். குழந்தையும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து தயாரிக்கும் ஈஸ்ட்ரோஜன் இது. கர்ப்பமில்லாத பெண்ணிடம் மிகமிகக் குறைவு. கடைசி மாதங்களில் உச்சம், பிரசவமானதும் சட்டென்று சரிவு. மேலே பார்த்த தாக்குதல் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது!

அப்படியானால் எஸ்ட்ரியாலையே மாத்திரையாகக் கொடுத்தால்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ரோண்டா வோஸ்குல் குழு இதைச் செய்து பார்த்தது. 2002இல் வெளியான சிறிய ஆய்வில் பத்துப் பெண்களுக்குத் தினமும் 8 மில்லிகிராம் கொடுத்தார்கள். விட்டுவிட்டுத் தாக்கும் வகை நோய் உள்ளவர்களுக்கு ஸ்கேனில் தெரிந்த புதிய புண்கள் குறைந்தன. மருந்தை நிறுத்தியதும் கூடின. திரும்பக் கொடுத்ததும் குறைந்தன.

ஆனால் பெரிய ஆய்வு என்று வந்தபோது பாதை அவ்வளவு நேராக இல்லை. 2016இல் வெளியான ஆய்வில் 164 பெண்கள். எல்லோருக்கும் வழக்கமான மருந்து ஒன்று, அதில் பாதிப்பேருக்குக் கூடவே எஸ்ட்ரியால். இரண்டு ஆண்டுகளில் எஸ்ட்ரியால் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 0.25 தாக்குதல், மற்றவர்களுக்கு 0.37. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் முடிந்த முடிவு அல்ல. பிரசவத்துக்குப் பின் வரும் தாக்குதலைத் தடுக்க ஹார்மோன் கொடுத்துப் பார்த்த லியோன் குழுவின் இன்னொரு ஆய்விலோ பலன் எதுவும் தெரியவில்லை. உடம்பு ஒன்பது மாதத்தில் செய்வதை ஒரு மாத்திரையில் அடைத்துவிட முடியவில்லை. கர்ப்பத்தின்போது மாறுவது ஒரு ஹார்மோன் மட்டும் இல்லையே!

ஆகவே இதை வாசித்துவிட்டு யாரும் தாமாக ஹார்மோன் மாத்திரை தேடிப் போக வேண்டாம். நோய்க்கான மருந்துகளில் சிலவற்றைக் கருத்தரிக்கும் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். அதை மருத்துவரிடம் பேசித் திட்டமிட வேண்டும்.

மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஒரு பெரிய காரியத்தைச் செய்துவிட்டது. இந்த நோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பெண்ணிடம் தாயாகாதே என்று இன்று மருத்துவர்கள் சொல்வதில்லை. 254 பெண்களை ஆரம்பத்திலிருந்து கவனித்துக் குறித்துவைத்ததால் வந்த மாற்றம் இது. அதை ஐம்பது ஆண்டுகள் முன்னதாகச் செய்திருந்தால் எத்தனை வீடுகளில் தொட்டில் ஆடியிருக்கும்?