நேர்முகப் பரீட்சைக்கு ஒரு சேலை



நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்த வீட்டை நீங்கள் கண்டிருப்பீர்கள். சான்றிதழ்களை உறையில் இட்டபின் அடுத்த கவலை தொடங்கும். "எந்தச் சேலையைக் கட்டுறது அம்மா?" என்பாள் மகள். "பட்டு வேண்டாம் பிள்ளை, கலியாண வீட்டுக்கே போறாய்? மாமியிட்டை ஒரு பருத்திச் சேலை வாங்கியாறன்" என்பாள் தாய். இரவல் சேலை வரும். அதற்குப் பொருத்தமான சட்டை இரவிரவாகத் தைக்கப்படும்.

சிறிய விடயந்தான். ஆனால் அந்தச் சேலைக்கும் சட்டைக்கும் பின்னால் ஏறக்குறைய இருநூறு ஆண்டுச் சரித்திரம் உண்டு.

1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். எழுத்தும் கணக்கும் கற்பித்த அக்காலப் பெண் பாடசாலைகள் தையலையும் கற்பித்தன. ரவிக்கை அன்று எல்லாப் பெண்களும் அணிகின்ற உடையாக இருக்கவில்லை. ஒற்றைச் சேலையைக் குறுக்குக் கட்டாக உடுத்தி வயலிலும் கிணற்றடியிலும் உழைத்தவர்களே அநேகர்.

அணியாமல் இருந்தது ஒரு புறம். அணிய விடாமல் தடுத்தது இன்னொரு புறம். ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பெண்கள் மேலாடை அணிவதையும் நகை பூணுவதையும் சாதிக் கட்டுப்பாடு மறுத்தது. இது யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் உரிய கறையல்ல. தென் திருவிதாங்கூரிலே நாடார் சமூகப் பெண்கள் தோளை மறைக்கும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடியும் அவமானமும் பட்டார்கள். 1859 இல் வந்த அரச பிரகடனம் அவ்வுரிமையைத் தந்தது. ஆயினும் உயர்சாதிப் பெண்களின் பாணியில் அணியலாகாது என்ற நிபந்தனையையும் கூடவே வைத்தது. இங்கோ 1929 இல் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற நிலை வந்தபோது, அதைப் பொறுக்காதோர் சில பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். வாங்கிலே சமமாக இருக்க விடாதவர்கள், சமமாக உடுக்க விடுவார்களா?

இத்தகைய சமூகத்திலேதான் பெண்கள் சம்பளத்துக்கு வெளியே புறப்பட்டார்கள். முதலில் ஆசிரியைகள், பின்னர் தாதியர். 1898 இல் இணுவிலிலே பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. தாதியின் வெள்ளை உடை நோயாளிக்கு நம்பிக்கை தந்தது. ஆசிரியையின் சேலை ஒழுங்கையில் அவளுக்கு மரியாதை தந்தது. "ரீச்சர் போறா" என்று சிறுவர்கள் வழிவிட்டு நின்றார்கள். வெளியே போகும் பெண்ணைப் பற்றி வம்பு பேசிய வாய்களுக்கு அந்தச் சேலை ஒரு பூட்டாகவும் அமைந்தது.

பின்னர் சேலைக்கு இன்னொரு பொருள் சேர்ந்தது. 1913 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்கள் கல்லூரியை நிறுவினார். 1924 இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ் சுதேச உடையை வற்புறுத்தியது. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து கதருக்காக நிதி திரட்டினார். மேனாட்டுக் கவுணுக்கு எதிரே சேலை "எங்கள் உடை" ஆயிற்று. உரிமையாக வந்தது பெருமையாயிற்று. பெருமையாக வந்தது நாளடைவில் சட்டமும் ஆயிற்று.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள் இல்லை, பஸ் அருமை. அக்காலத்தில் எங்கள் ஆசிரியைகளும் எழுதுவினைஞர்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைப்பு சில்லுக்குள் அகப்படாமல் ஊசி குத்தி, பல மைல் சைக்கிள் மிதித்தார்கள். அந்தத் துணிவை மெச்சுகிறோம். ஆனால் அந்த உடை அந்தப் பயணத்துக்கு ஏற்றதா என்று அவர்களிடம் யார் கேட்டார்கள்?

கேள்வி பின்னரே எழுந்தது. 2019 இல், அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது கண்டியச் சேலை அணியவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. முஸ்லிம் பெண்கள் பாதிக்கப்படுகிறார்கள் என்ற எதிர்ப்பு எழவே அது மாற்றப்பட்டது. 2022 இல் பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, அரச ஊழியர் எளிய, பொருத்தமான உடையில் வரலாம் என்று அரசாங்கமே அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையின்றிப் பாடசாலைக்குச் சென்றபோதோ, பெரிய வாதம் மூண்டது. ஆசிரியைக்குச் சேலையே அழகு என்றனர் ஒரு சாரார். சேலையின் விலையையும் பஸ் நெரிசலையும் காட்டினர் மறு சாரார்.

நேயர்களே, இந்தச் சரித்திரம் சொல்வது ஒன்றுதான். பெண் எதை உடுக்கவேண்டும் என்பதை ஒவ்வொரு காலத்திலும் வேறு யாரோ தீர்மானித்தார்கள். சாதி தீர்மானித்தது, மிஷன் தீர்மானித்தது, தேசியம் தீர்மானித்தது, சுற்றறிக்கை தீர்மானித்தது. உடுப்பவளின் வாக்கு கடைசியாகத்தான் கேட்கப்பட்டது.

ஆகவே நேர்முகப் பரீட்சைக்குப் போகும் தங்கைக்குச் சொல்வேன்: சேலை விருப்பமென்றால் சேலை; சல்வார் வசதியென்றால் சல்வார். துவைத்து மினுக்கியதாக, இருக்கவும் நடக்கவும் இடைஞ்சல் இல்லாததாக, உன் கைக்காசுக்கு அடங்கியதாக இருக்கட்டும். மேசைக்கு அப்பால் இருக்கும் பெரியோருக்கும் ஒரு வார்த்தை: முதலில் அவளுடைய விடையைக் கேளுங்கள். இரவல் சேலையோ சொந்தச் சேலையோ, அந்தக் கதிரையில் வந்து அமர அவளுடைய பூட்டிமார் கடந்த தூரம் மிகப் பெரிது.