விடுமுறையில் நம் டீச்சர்மார்

பாடசாலை வரலாறு எழுதுகிறவர்கள் தவணை நாட்களையே எழுதுகிறார்கள். அதிபர்கள், கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள், பரிசளிப்பு விழாக்கள். அவற்றை எழுத இம்மலரில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது பாடசாலை மூடியிருந்த வாரங்களை. நம்மைக் கண்டித்தும் காத்தும் வந்த ஆசிரியைகள், நாம் இல்லாத நாட்களில் தங்களுக்கென்று எதை வைத்திருந்தார்கள்?

'கோடை விடுமுறை' என்ற சொல்லை நாம் தமிழகத்து வார இதழ்களில்தான் கண்டோம். நமக்கு ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று மூன்று விடுமுறைகள். 6,000 அடிக்கு மேலே இருக்கும் கந்தப்பளையில் ஓகஸ்ட் என்றால் மழையும் மூடுபனியும் கம்பளியும்தான். ஏப்ரலை வேண்டுமானால் கோடை என்று சொல்லிக்கொள்ளலாம். நுவரெலியாவில் சீசன் தொடங்கும். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். கொழும்பிலிருந்து கார்கள் ஏறி வரும். அதே நாட்களில்தான் தோட்டத்தில் கொழுந்தும் பொங்கும். நம்மில் பலருக்கு ஏப்ரல் விடுமுறை என்பது அம்மா மலைக்குப் போனபின் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்ட விடுமுறை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கற்பித்தவர்கள் தவணை முடிந்த அன்றே பெட்டியைக் கட்டுவார்கள். நானுஓயாவில் ரயிலேறி, பொல்கஹவெலயில் மாறி வடக்கே போய்விடுவார்கள். அவர்களுடைய விடுமுறையை நாம் பார்த்ததில்லை. இங்கேயே பிறந்தவர்களும், இங்கே வாழ்க்கைப்பட்டவர்களும்தான் எஞ்சினார்கள். சுற்றுவட்டத் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. ஆகவே ஆசிரியரின் சம்பளமும் வீடும் துரையின் கையில் இருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் தன் சம்பளத்தில், தன் விருப்பத்துக்கு, வாரத்தில் ஒரு முறை ஏதோ ஒன்றுக்குச் செலவழிப்பது சின்ன விஷயமல்ல.

அந்த ஒன்று பெரும்பாலும் நுவரெலியாப் பயணம். நமக்கு முந்தைய தலைமுறை ஆசிரியைகள் அதை ரயிலில் செய்திருக்கிறார்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஓடிய அந்தச் சின்ன ரயில், இரண்டரை அடி அகலப் பாதையில் 1903, 1904இல் வந்தது; 1940களில் நின்றுபோனது. தண்டவாளம் போனபின் பஸ்தான். ஏழெட்டு மைல் தூரத்தில் ஒரு மெட்னி ஷோ, விக்டோரியா பூங்காவில் ஒரு சுற்று, கடையில் ஒரு தேநீர். தேயிலைக்கு நடுவே வாழ்கிறவர் கடையில் போய்க் காசு கொடுத்துத் தேநீர் குடிப்பதைக் கண்டு வீட்டில் சிரித்தார்களாம். வேறொருவர் ஊற்றிக் கொடுத்த தேநீர் அது என்பதைச் சிரித்தவர்கள் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மற்றது வார இதழ். விகடனும் 1941இல் தொடங்கிய கல்கியும் கடல் கடந்து வரவேண்டும். சென்னையிலிருந்து தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு இலங்கை ரயில் என்று 1914 முதல் இருந்த வழி அது. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 வரை கல்கியில் வந்தது. அந்த ஆண்டுகளின் விடுமுறைகளில் டீச்சர் வீட்டுக்கு இதழ் வந்துசேரும் நாளே கிழமையின் பெரிய நாள். முதலில் டீச்சர், அடுத்து கணக்கப்பிள்ளை வீடு, பிறகு மருந்துக்காரர் வீடு, கடைசியில் மூத்த மாணவிகள். எல்லோர் கையும் பட்டுத் திரும்பி வந்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, மாவுப் பசையில் பழுப்புத் தாள் அட்டை ஒட்டி வைப்பார். நூலகம் என்ற ஒன்றைக் கண்ணால் காணுமுன்னே நம்மில் பலர் வாசித்த முதல் பெரிய புத்தகங்கள் இப்படித் தைத்தவைதான். படங்களில் நாம் மீசை வரைந்ததற்குக் கிடைத்த ஏச்சும் நினைவிருக்கும்.

ஆனால் அந்த நாளும் முழுதாக அவருக்குக் கிடைத்ததா? ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். இந்தியாவிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்ட வேண்டும், பதில் எழுத வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு கடிதங்களோடு விண்ணப்பங்களும் சேர்ந்தன. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பேசி முடித்தார்கள். மீதி 1,50,000 பேரின் கதையைப் பிறகு பார்ப்பதாக விட்டார்கள். அது தீர 1974 ஆனது. இந்த எண்ணிக்கைகள் எல்லாம் ஒவ்வொரு குடும்பமாக டீச்சரின் மேசைக்கு வந்தவை. பாதி வாசித்த இதழைக் கவிழ்த்து வைத்துவிட்டு, யார் எப்போது பிறந்தார்கள், எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள் என்று கேட்டு எழுதுவார். அந்தக் கேள்விகளில் சில அவருக்கும் உரியவை. அவருடைய விண்ணப்பத்தை யார் எழுதினார்கள் என்று நாம் கேட்டதேயில்லை.

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது தமிழக இதழ்கள் அரிதாகின. அதே ஆண்டுகளில் மாவும் அரிசியும் கூட அரிதாகின. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி என்ன செய்தது என்பதை லயங்களில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது வாரத்தின் இன்பம் வானொலிக்கு மாறியது. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்', பிறகு 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவே வந்துவிட்ட 'கோமாளிகளின் கும்மாளம்' ஆகியவற்றைக் கேட்க டீச்சர் வீட்டுத் திண்ணையில் கூட்டம் சேரும். பெற்றரி தீர்ந்துவிடும் என்று மற்ற நாட்களில் ரேடியோவைத் தொடமாட்டார். நாடகம் முடிந்ததும் விளம்பரம் தொடங்குமுன் நிறுத்திவிடுவார். கேட்டது தமிழகத்துக் கதையல்ல, இலங்கைத் தமிழ்ப் பேச்சு என்பதில் எங்களுக்கு ஒரு தனிக் குஷி. மலையகப் பேச்சு அதில் குறைவு என்ற மனக்குறையும் இருந்தது.

அந்தப் பத்தாண்டில்தான் வீடுகள் காலியாகத் தொடங்கின. ஒவ்வொரு விடுமுறை முடிந்து பாடசாலை திறக்கும்போதும் இடாப்பில் சில பெயர்கள் குறைந்திருக்கும். ஆசிரியைகளிலும் சிலர் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். 1983 ஜூலையில் நுவரெலியா எரிந்தது. அந்த ஓகஸ்ட் விடுமுறையில் யாரும் மெட்னி பார்க்கப் போகவில்லை.

கப்பலேறியவர்கள் அதிகம் கொண்டுபோக முடியவில்லை. கனமான பொருட்களை அண்டை அயலுக்கும் மாணவிகளுக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஓர் அம்மிக் குழவியும், தைத்த 'பொன்னியின் செல்வ'னின் இரண்டாம் பாகமும் கிடைத்தன. முதல் பாகம் யாருக்குப் போனது என்று தெரியவில்லை. கோயம்புத்தூரிலோ, கோத்தகிரியிலோ, வவுனியாவிலோ, டொரொன்டோவிலோ இதை வாசிக்கும் உங்களில் ஒருவர் வீட்டுப் பரணில், பழுப்புத் தாள் அட்டையும் வெள்ளை நூல் தையலும் கொண்ட அந்தக் கட்டு இருந்தால் சங்கத்துக்கு எழுதுங்கள். என்னிடம் உள்ளதை ஏற்கெனவே பாடசாலை நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.